இசக்கியம்மாவுக்காக ஒரு தீவு

1

"தேர்தல்ல தோத்தவரு அந்தத் தீவுல எங்கன போயி இருப்பாரு மாமா?"

கரோலின் இதைக் கேட்டபோது அவளுக்கு ஏழு வயது. எதிர் வீட்டுப் பிள்ளை. என் மேசையில் விரித்துக் கிடந்த அட்லஸில், பசிபிக் பெருங்கடலின் நீலத்துக்கு நடுவே நான் பென்சிலால் வட்டமிட்டிருந்த ஒரு புள்ளியை விரலால் மூடிக்கொண்டு கேட்டாள். விரலை வைத்தால் தீவு முழுதும் மறைந்துபோகும்.

"ஏன், வீட்டுல இருப்பாரு."

"நம்ம ஊருன்னா தோத்தவுக பஸ் ஏறி மதுரைக்குப் போயிரலாம். அங்கன பஸ்ஸே கிடையாதே. செயிச்சவரையேல்லா தெனமும் பாத்துக்கிட்டு இருக்கணும்."

அந்தக் கேள்வியிலிருந்துதான் இந்தக் கதை பிறந்தது.

(இது பாதி உண்மை. மீதிப் பாதி ஆறாம் பகுதியில் இருக்கிறது. அவசரமுள்ளவர்கள் நேரே அங்கே போகலாம். ஆனால் அதற்குள் நான் இரண்டு மூன்று பொய்கள் சொல்லவிருக்கிறேன். அவற்றையும் பார்த்துவிட்டுப் போனால் எனக்கு நல்லது.)

தீவுக்கும் எனக்கும் என்ன சம்பந்தம் என்று சொல்லிவிடுகிறேன். என் நண்பன் சாலமோன் பாளையங்கோட்டையில் கணக்கு வாத்தியாராக இருந்தவன். தொண்ணூற்றிரண்டில் ஒரு மிஷன் பள்ளிக்கூடத்தில் வேலை கிடைத்து அந்தத் தீவுக்குப் போனான். அது தனி நாடு அல்ல. கடலுக்கு அப்பால் எங்கோ இருக்கும் ஒரு அரசின் ஆட்சிப்பகுதி. ஆனாலும் அதற்கென்று ஒரு சட்டமன்றம் உண்டு, தேர்தல் உண்டு. தொண்ணூற்றாறாம் வருஷம் ஜூன் மாதம் அவனிடமிருந்து வந்த வான்கடிதத்தில் தேர்தலைப் பற்றி மூன்று வாக்கியங்கள் இருந்தன:

'இங்கே சட்டமன்றத் தேர்தல் நடந்தது. வெளியூர்க்காரன், யாருக்கும் சொந்தமில்லாதவன் என்பதால் என்னையே வாக்குச்சாவடிக்கு அதிகாரியாக உட்கார வைத்தார்கள். எனக்கு வேண்டியவர் ஒரு ஓட்டில் தோற்றார்.'

மற்றதெல்லாம் அவனுடைய பல்வலி. கடிதத்தின் இரண்டு மடிப்புகளும் பல்வலிதான்.

2

பசிபிக் பெருங்கடலைப் பதினெட்டு வருஷமாகப் பாடம் நடத்துகிறேன். நான் பூகோள வாத்தியார். ஆனால் கடல் என்று கண்ணால் பார்த்தது திருச்செந்தூரிலும் குலசேகரன்பட்டினத்திலும்தான். ஆகவே தொடக்கம் சரியாக வரவில்லை.

முதல் தொடக்கம்: 'நீலத் திரைகள் தாலாட்டும் அந்தச் சின்னஞ்சிறு தீவிலே...' [அடித்துவிட்டேன். அலை தாலாட்டுமா, தூங்கவிடாமல் செய்யுமா என்று சாலமோனைத்தான் கேட்க வேண்டும்.]

இரண்டாம் தொடக்கம்: 'சட்டமன்றம் என்பது மக்களின் குரல். அந்தக் குரல் ஒரு தீவில் எப்படி ஒலிக்கிறது என்று பார்ப்போமானால்' [இது பள்ளி ஆண்டு விழாப் பேச்சு. நிறுத்திக்கொண்டேன்.]

மூன்றாம் தொடக்கம்: 'தீவில் நானூற்றுப் பன்னிரண்டு ஓட்டுகள். அவற்றில் ஒன்று விழவில்லை.'

இது நிற்கட்டும்.

அடுத்த சிக்கல், பெயர்கள். அந்தத் தீவில் மனிதர்களுக்கு என்ன பெயர் வைப்பார்கள் என்று எனக்குத் தெரியாது. பொய்ப் பெயர் வைத்தால் பொய் போலவே இருக்கிறது. எனவே சாலமோனுக்கு வேண்டியவராகிய வேட்பாளருக்கு, தற்காலிகமாக, முத்துமாலை என்று பெயர் வைக்கிறேன். எதிர் வேட்பாளர் வெங்கட்ரமணன். இருவரும் மைத்துனர்கள். முத்துமாலைக்கு வெங்கட்ரமணன் எப்படி மைத்துனராக முடியும் என்று எங்கள் பக்கம் உடனே கேட்பார்கள். கதையைத் தீவில் வைத்ததற்கு அதுவும் ஒரு காரணம். அங்கே முடியும்.

(எழுதுவதற்கு முன் ஒரு நிமிஷம் ஜெபம் செய்வது என் வழக்கம். இந்தக் கதைக்கு மட்டும் செய்யவில்லை. கண்ணை மூடினால் வேறு ஒரு முகம் வந்து நின்றது.)

3

சாலமோன் தீவுக்குப் போன இரண்டாம் மாதம் காய்ச்சலில் விழுந்தான். மொழி தெரியாது, சமைக்கத் தெரியாது. யாரும் சொல்லாமலே முத்துமாலை வந்தார். பதினொரு நாள் தம் வீட்டிலிருந்து கஞ்சி கொண்டுவந்து கொடுத்தார். பன்னிரண்டாம் நாள் காய்ச்சல் இறங்காததைப் பார்த்து, அவனைப் படகில் படுக்கவைத்து, ஆஸ்பத்திரி இருக்கும் பெரிய தீவுக்குக் கொண்டுபோனார். அலைக்குப் படகு தூக்கிப் போட்டபோதெல்லாம் ஒரு கையால் அவன் தலையைப் பிடித்துக்கொண்டார்.

அதைச் சாலமோன் மறக்கவில்லை. திருப்பிச் செய்ய ஒரு வழியும் கிடைக்கவில்லை. தேர்தலில் முத்துமாலை நிற்கிறார் என்றதும், ஓட்டு இல்லாத சாலமோன் ஓட்டு உள்ள எல்லாரையும்விட அதிகமாகக் கவலைப்பட்டான். அந்த நேரம் பார்த்து அவனை அதிகாரியாக உட்கார வைத்தார்கள்.

யோக்கியமான மனிதன் அவன். தலைமை வாக்குச்சாவடி அதிகாரி எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்று திருநெல்வேலியில் மூன்று தேர்தலில் பழகியவன். சொந்தம், நட்பு எல்லாவற்றையும் சாவடி வாசலில் கழற்றிவைத்துவிட்டுத்தான் உள்ளே போவான்.

[அவ்வளவு நல்லவனா என்று எனக்குச் சந்தேகமாக இருக்கிறது. நான் எழுதும் நல்லவர்களுக்கு எப்போதும் சட்டைக்கை மடிப்பு கலையாது. எங்கள் கிறிஸ்தவச் சபையின் மாதப் பத்திரிகையில் இதுவரை நாற்பது கதை எழுதியிருக்கிறேன், ஒரு ஆளும் வேர்த்தது கிடையாது. சாலமோனுக்குக் கொஞ்சம் வேர்க்கட்டும்.]

சாவடிக்குள் புழுக்கம். சாலமோனுக்கு வேர்த்தது.

4

தேர்தலுக்கு முந்தின நாள் சாயங்காலம் இசக்கியம்மா என்ற ஒரு பெண், சாவடியைத் தயார் செய்துகொண்டிருந்தவர்களுக்கு ஒரு தூக்குச்சட்டியில் கருப்பட்டிக் காப்பி கொண்டுவந்து கொடுத்தாள். ஐம்பது வயதிருக்கும். முத்துமாலைக்கு அத்தைமுறை. ஓலைக்குச் சாயம் காய்ச்சிப் பாய் முடைகிறவள். இதற்கு முன் அவள் ஓட்டுப் போட்டதில்லை. ஒவ்வொரு முறையும் பட்டியலில் பெயர் விட்டுப்போயிருந்தது. இந்தமுறை வந்துவிட்டது.

மறுநாள் அவள் கடைசியாக வந்தாள். பட்டியலில் இரண்டு இசக்கியம்மா. வயது ஒன்றே, புருஷன் பெயர் மட்டும் வேறு. ஒருத்தி காலையிலேயே ஓட்டுப் போட்டுவிட்டாள். வேட்பாளர்களின் முகவர்களில் ஒருவர் எழுந்து, இவளும் காலையில் வந்தவள்தான் என்றார். அவள் விரலில் ஒரு கறை இருந்தது. மையை அழித்துவிட்டு மறுபடி வந்திருக்கிறாள் என்றார்.

"விரல்ல மை இல்ல சார். இது சாயக் கறை," என்றார் மை வைக்கிறவர்.

சாலமோன் அவளிடம் புருஷன் பெயரைக் கேட்டான். அந்தத் தீவில் மனைவி புருஷன் பெயரைச் சொல்லுகிற வழக்கமில்லை. அவள் தலையைக் குனிந்துகொண்டு நின்றாள். சொன்னால்தான் ஓட்டு என்றான் சாலமோன். அவள் திரும்பிப் போய்விட்டாள்.

எண்ணினார்கள். வெங்கட்ரமணன் இருநூற்று ஆறு. முத்துமாலை இருநூற்று ஐந்து.

சாலமோன் அறிவித்தான். ஜனங்கள் கலைந்தார்கள். முத்துமாலை வந்து அவன் தோளில் கைவைத்து, "சாப்பிட்டியா?" என்று கேட்டார். தன்னால்தான் தோற்றார் என்பதை அவரிடம் எப்படிச் சொல்வது என்று தெரியாமல் சாலமோன் [இங்கே ஒரு நல்ல வினைச்சொல் வேண்டும். குமுறினான் என்று போட்டுப் பார்த்தேன். அதிகம். நின்றான் என்று போட்டேன். அதற்கு எதற்குச் சாலமோன்? ஒரு தென்னை மரம் போதும்.]

5

இவ்வளவையும் எழுதி நூகுவிடம் கொடுத்தேன். நூகு மேலப்பாளையத்துக்காரர், எங்கள் பள்ளியின் ஓவிய ஆசிரியர். பதினெட்டு வருஷமாக ஆசிரியர் அறையில் பக்கத்து நாற்காலி. என் கதைகளைச் சாப்பாட்டு வேளையில் படிப்பார், குழம்பு படாமல் இடது கையால் தாளைப் பிடித்துக்கொண்டு. படித்து முடித்ததும் பெரும்பாலும் 'நல்லா இருக்கு' என்பார். அன்றைக்கு அப்படிச் சொல்லவில்லை.

"இந்தத் தீவு உடன்குடியிலேருந்து எத்தன மைலு வே?"

"ஏன்?"

"கருப்பட்டிக் காப்பி குடிக்காவளே. அங்கன பனை நிக்கா?"

"தென்னை நிக்கும்."

"தென்னையிலேருந்து வேற என்னமும் வரும். இந்தக் காப்பி வராது. நான் குடிச்சிருக்கேன்லா இந்தக் காப்பிய."

நான் தாளை வாங்கக் கையை நீட்டினேன். அவர் கொடுக்கவில்லை.

"இரும். இவ புருசன் பேரச் சொல்ல மாட்டேங்கா. இது எந்த நாட்டு வழக்கம்?"

"அங்கனயும் அப்படி ஒரு வழக்கம் இருக்கலாம்லா."

"இருக்கலாம். எல்லாருக்கும் பேரு வச்சிருக்கீரு. முத்துமாலை, வெங்கட்ரமணன். வெங்கட்ரமணன் பசிபிக்குல நின்னு செயிக்காரு, சந்தோசம். இந்த மை வைக்கிற மனுசனுக்கு மட்டும் ஏன் பேரே இல்ல?"

நான் என் சாப்பாட்டு டப்பாவை மூடினேன்.

"எம்பேர வச்சா கதை கெட்டா போயிரும்?"

சிரித்துக்கொண்டுதான் கேட்டார். பிறகு தாளை மடித்து என் சட்டைப்பையில் அவரே வைத்தார்.

"இன்னொண்ணும் இருக்கு. நீரு பூகோளம், கணக்கு வராது. இருநூத்தி ஆறு, இருநூத்தி அஞ்சு. அவ ஓட்டையும் சேத்தா என்ன ஆவும்? சமம். அப்புறம் சீட்டுக் குலுக்கணும். ஒம்ம முத்துமாலை எங்க செயிச்சாரு? பாதி தோல்விக்குத்தான் சாலமோன் சார் பொறுப்பு. மீதிப் பாதி ஆண்டவன் கையில."

6

ஆகவே வாசகரே, இது தீவு இல்லை.

தொண்ணூற்றாறு சித்திரையில் எங்கள் ஊரிலும் சட்டமன்றத் தேர்தல் நடந்தது. பாராளுமன்றத்துக்கும் அதே நாள். ஆளுக்கு இரண்டு சீட்டு, ஒன்று சென்னைக்கு, ஒன்று டெல்லிக்கு. ஸ்ரீவைகுண்டத்துக்குக் கிழக்கே ஆற்றங்கரையில் ஒரு ஊர். பெயர் வேண்டாம். அங்கே நான் தலைமை அதிகாரி. நூகு மை வைக்கிறவர்.

முந்தின நாள் நாலு மணிக்கு வேனில் எங்களைப் பெட்டிகளோடு பள்ளிக்கூடத்தில் இறக்கிவிட்டுப் போனார்கள். குடிக்கத் தண்ணீர் இல்லை. நூகு குழாயைத் திருகிக்கொண்டிருந்தபோது ஒரு பெண் தூக்குச்சட்டியோடு வந்தாள்.

"ஐயா, காப்பி குடிங்க. கருப்பட்டி போட்டது, சூடா இருக்கு."

ஐந்து பேரும் குடித்தோம். குடித்து முடிக்கும்வரை காத்திருந்து, தயங்கித் தயங்கிக் கேட்டாள். "பட்டியல்ல எம்பேரு இருக்கான்னு ஒருக்கா பாத்துச் சொல்லுவியளா? மூணு தேர்தலா இல்லன்னு திருப்பி விட்டுட்டாவ. இந்த வாட்டி எம்மருமவன் எழுதிக் குடுத்தான். இசக்கியம்மா."

நூகு பட்டியலைப் புரட்டிப் பார்த்தார். "இருக்கும்மா. ஒண்ணுக்கு ரெண்டா இருக்கு."

"ஒண்ணு போதும்யா," என்று சிரித்தாள்.

மறுநாள் நாலேகாலுக்கு வந்தாள். பீடி சுற்றுகிறவள். அன்றைய பீடியைக் கடையில் ஒப்படைத்துவிட்டு, குளித்து, வேறு சேலை கட்டிக்கொண்டு வந்திருந்தாள். அவளை எனக்கு அடையாளம் தெரியவில்லை என்று சொல்ல முடியுமா? முடியாது. பார்த்ததும் தெரிந்தது.

காலையில் வந்த இசக்கியம்மாவுக்கு எதிரே, பட்டியல் பார்க்கிற எங்கள் ஆள் கோடு போட்டிருந்தார், எந்த எண்ணுக்கு நேரே என்பதில் அவருக்கே குழப்பம். ஒரு முகவர் எழுந்தார். "சார், இவ ஓட்டு விழுந்தாச்சு. விரலப் பாருங்க. அழிச்சுட்டு வந்திருக்கா."

"இது மை இல்ல சார். பொயிலக் கறை. நெறத்தப் பாத்தா தெரியும்," என்றார் நூகு. முப்பது வருஷமாகச் சாயத்தோடு பழகிய மனிதர்.

எனக்கு நாலு மணிக்கு மேல் எல்லாவற்றிலும் எரிச்சல். கணக்கு முடிக்க வேண்டும், பெட்டிக்கு அரக்கு வைக்க வேண்டும். "புருஷன் பேரைச் சொல்லுங்க. சரியா இருந்தா சீட்டுத் தாரேன்."

"ஐயா, அத நான் எப்படிச் சொல்லுவேன்?"

"எழுதிக் காட்டுங்க."

"எழுத்து தெரியாதேய்யா."

வரிசையில் அவளுக்குப் பின்னால் யாரும் இல்லை. இருந்தால் பின்னால் நிற்கிறவள் சொல்லிவிடுவாள், எங்கள் பக்கத்துச் சாவடிகளில் அப்படித்தான் நடக்கும். முகவர்கள் இருவரும் அந்த ஊர்க்காரர்கள். இருவருக்கும் அவள் புருஷன் பெயர் தெரியும். அவர்களுக்குத் தெரியும் என்பது எனக்குத் தெரிந்தது. ஒருவர் மேசைமேல் தாளம் போட்டார், மற்றவர் ஜன்னலைப் பார்த்தார். யாருக்கு எத்தனை என்று மனக்கணக்குப் போட்டு முடித்துவிட்டார்கள். இன்னொரு ஓட்டு இரண்டு பேருக்குமே தொந்தரவு.

அவள் யோசித்து ஒரு வழி கண்டுபிடித்தாள். "அக்கரையில கோயிலு இருக்குல்லாய்யா, அந்தச் சாமி பேருதான்."

நான் சொன்னேன்: "சாமி பேரெல்லாம் எனக்குத் தெரியாதும்மா. நான் வேதக்காரன்."

முகவர்கள் சிரித்தார்கள். எனக்கும் நன்றாகச் சொல்லிவிட்டோம் என்று இருந்தது.

அது பொய். அக்கரைக் கோயில் எனக்குத் தெரியும். அந்தச் சாமியின் பெயர் தெரியும். அந்தப் பெயர் வைத்த பையன்கள் எட்டுப் பேராவது என்னிடம் படித்திருக்கிறார்கள். நான் குனிந்து பட்டியலைப் பார்த்திருந்தால் இரண்டு எண்களில் ஒன்றுக்கு நேரே அதே பெயர் அச்சாகி இருந்திருக்கும். குனியவில்லை. ஆண்டவரை நான் எத்தனையோ காரியத்துக்குக் கூப்பிட்டிருக்கிறேன். ஒரு ஏழைப் பெண் சொன்னதைப் புரியாததுபோல் இருக்கவும் அவர் பெயரை உபயோகித்தேன்.

அவள் "சரிய்யா," என்றாள். போய்விட்டாள்.

அதிகாரியின் நாட்குறிப்பில் ஒரு கட்டம் உண்டு. திருப்பி அனுப்பப்பட்ட வாக்காளர்கள் எத்தனை பேர். 'இல்லை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

நூகு மைப்புட்டியின் மூடியை இறுக்கிக்கொண்டே, "ஒமக்குத் தெரியாதா வே அந்தக் கோயிலு?" என்று மட்டும் கேட்டார். அதற்குப் பிறகு ஒருநாளும் கேட்கவில்லை. கதையைக் கையில் கொடுத்த அன்றுதான் காப்பியைப் பற்றிப் பேசினார்.

7

பசிபிக் வரை ஏன் போனேன் என்று இப்போது சொல்லிவிடலாம்.

அந்தத் தொகுதியில் ஜெயித்தவர் பல ஆயிரம் ஓட்டு வித்தியாசத்தில் ஜெயித்தார். இசக்கியம்மா போட்டிருந்தாலும், போடாவிட்டாலும், ஊரே சேர்ந்து தேர்தல் நாளன்று தூங்கியிருந்தாலும் முடிவு அதேதான். 'உன்னால் ஒன்றும் கெட்டுப்போகவில்லை' என்று கணக்கு எனக்குச் சமாதானம் சொல்லிக்கொண்டே இருந்தது. மனசு கேட்கவில்லை. அவளுடைய ஒரு ஓட்டுக்கு எங்கே எடை இருக்கும் என்று தேடினேன். தாமிரபரணிக் கரையில் கிடைக்கவில்லை. சாலமோனின் கடிதத்தில் கிடைத்தது. நானூற்றுப் பன்னிரண்டு ஓட்டு உள்ள ஒரு தீவில் அவளைக் கொண்டுபோய் நிறுத்தினேன்.

நிறுத்தியதோடு எனக்கும் அங்கே ஒரு வசதி செய்துகொண்டேன். சாலமோன் வெளியூர்க்காரன். தீவிலும் அந்த வழக்கம் உண்டென்று அவனுக்கு உண்மையிலேயே தெரியாது. யார் அவனைக் குறை சொல்ல முடியும்?

சரி, தீவுக் கதைக்கு முடிவு எழுத வேண்டும். மூன்று எழுதினேன்.

முடிவு ஒன்று. சாலமோன் கடற்கரையில் முத்துமாலையிடம் எல்லாவற்றையும் சொல்லி அழுகிறான். முத்துமாலை அவனை அணைத்துக்கொள்கிறார். சூரியன் உதிக்கிறது. (சபைப் பத்திரிகையில் நான் எழுதிய நாற்பது கதைகளில் முப்பத்தைந்தில் சூரியன் உதித்திருக்கிறது. இனி அதற்கும் ஓய்வு வேண்டும்.)

முடிவு இரண்டு. சாலமோன் தலைநகரத்துக்கு உண்மையை எழுதுகிறான். விசாரணை வருகிறது. நீதிபதி இசக்கியம்மாவைக் கூண்டில் ஏற்றி முதல் கேள்வி கேட்கிறார்: "உன் புருஷன் பெயர் என்ன?"

(இதை எழுதிவிட்டு நானே சிரித்தேன். பிறகு பயந்தேன். ஏனென்றால் ஆகஸ்டு மாதம் நான் தாலுகா ஆபீஸுக்குப் போய், என் நாட்குறிப்பில் ஒரு தவறு இருக்கிறது, திருத்த வேண்டும் என்று சொல்லிப் பார்த்தேன். அங்கே இருந்த குமாஸ்தா நல்ல மனிதர். நாற்காலி போட்டார். "அந்தம்மா வந்ததுக்கு ரெக்கார்டு இருக்கா சார்?" என்றார். இல்லை என்றேன். "அப்ப அவுக வரவே இல்ல. வராத ஆளுக்கு என்னத்தத் திருத்துதது? வீட்டுல போயி நல்லா தூங்குங்க சார்.")

முடிவு மூன்று. சாலமோன் யாரிடமும் சொல்லவில்லை. அன்றிலிருந்து முத்துமாலைக்கு ஒவ்வொரு உதவியாகச் செய்துகொண்டே இருக்கிறான். படகுக்குத் தார் பூசுகிறான், கூரை மாற்றுகிறான். முத்துமாலைக்குக் காரணம் தெரியாது. இப்படியே வருஷங்கள் போகின்றன.

மூன்றாவது எனக்குப் பிடித்திருந்தது. நூகுவிடம் காட்டினேன்.

"நல்லா இருக்கு," என்றார். பிறகு சோற்றைப் பிசைந்துகொண்டே, "ஒரு சந்தேகம். அவ முத்துமாலைக்குத்தான் போடுவான்னு ஒமக்கு யாரு சொன்னா?"

"அத்தைமுறைல்லா. வேற யாருக்குப் போடுவா?"

"எங்க அத்தை எனக்குப் போட மாட்டா. ஒம்ம காதுல வந்து சொன்னாளா?"

"இல்ல."

"வெங்கட்ரமணனுக்குப் போடலாம்னு வந்திருந்தா? அப்பயும் முத்துமாலைக்குத் தோல்விதான், ரெண்டு ஓட்டுல. சாலமோன் சார் எதுக்குக் கூரை மாத்துதாரு? அவருக்கு உண்மையிலேயே யாருகிட்ட கடன்? கஞ்சி குடுத்தவருக்குக் கூரை மாத்தட்டும், வேண்டாங்கல. ஓட்டப் பறிகுடுத்தவ ஒருத்தி பாய் முடைஞ்சுக்கிட்டு இருக்காளே. அவ வாசலுக்கு ஏன் போவ மாட்டேங்காரு?"

நான் கையைக் கழுவிவிட்டுத் தாளைத் திரும்ப வாங்கிக்கொண்டேன்.

சாவடியில் அவளிடமிருந்து ஒரு ஓட்டைப் பறித்தேன். கதையில் அதை எடுத்து, அவளைக் கேட்காமலே, முத்துமாலையின் பெட்டியில் போட்டேன். முதல் தரம் அவசரத்தில் செய்தது. இரண்டாம் தரம், நல்லது செய்கிறோம் என்று நம்பி, நாலு மாதம் உட்கார்ந்து திருத்தித் திருத்திச் செய்தது. அவள் யாருக்குப் போட நினைத்திருந்தாள் என்பது அவளுக்கு மட்டும் தெரிய வேண்டியது. அந்தச் சீட்டை விரித்துப் பார்த்தவன் நான்.

நாலாம் பகுதியில் 'முத்துமாலைக்கு அத்தைமுறை' என்று இருப்பதை அடித்துவிடுங்கள். நான் அடித்துவிட்டேன். அச்சில் தப்பி வந்திருந்தால் உங்கள் பேனாவால் அடியுங்கள்.

8

அடுத்த வருஷம் தை மாதம் வாக்காளர் பட்டியல் திருத்தம் வந்தது. வீடு வீடாகப் போய்ப் பெயர் எழுத வாத்தியார்மாரைத்தான் அனுப்புவார்கள். எல்லாரும் வீட்டுக்குப் பக்கத்துத் தெருவைக் கேட்பார்கள். நான் அந்த ஆற்றங்கரை ஊரைக் கேட்டேன். உத்தரவு போடுகிறவர் நிமிர்ந்து பார்த்தார். "அங்கன ஒங்களுக்குச் சொந்தக்காரங்க இருக்காவளா?" என்றார். இல்லை என்றேன். "பெறவு எதுக்கு இவ்வளவு தூரம்?" என்றார். பஸ் வசதி இருக்கிறது என்றேன்.

"நானும் கூட வரட்டுமா?" என்று நூகு கேட்டார்.

"வேண்டாம்."

"நல்லது. பைய போயிட்டு வாரும்."

போனேன். எல்லா வீட்டிலும் எழுதினேன். கடைசியாக இசக்கியம்மா வீட்டு வாசலில் நின்றேன். மத்தியானம். தெருவில் யாரும் இல்லை, அவள் மருமகனும் வேலைக்குப் போயிருந்தான்.

அங்கே நடந்ததை ஊருக்குத் திரும்பியதும் எழுதி வைத்தேன். ஒன்றரைப் பக்கம். நான் என்ன சொன்னேன், அவள் என்ன சொன்னாள், பிறகு நான் என்ன செய்தேன் எல்லாம் இருந்தது. நன்றாகவும் வந்திருந்தது. அதுதான் எனக்குச் சந்தேகத்தைக் கிளப்பியது. வாசித்துப் பார்த்தேன். என் கண்ணே எனக்குக் கலங்கியது. உடனே கிழித்துவிட்டேன்.

[

]

இந்த இடம் அதற்கானது. நீங்கள் நிரப்ப வேண்டாம்.

தீவை மட்டும் உங்களுக்குத் தருகிறேன். சாலமோன் அந்தப் பாய் முடைகிறவளின் வாசலுக்குப் போவானா, போனால் என்ன பேசுவான், தோற்றவர் நாளைக்குக் காலையில் எங்கே போய் இருப்பார் என்பதெல்லாம் இனி உங்கள் பொறுப்பு. என்னைவிட நன்றாக எழுதுவீர்கள். ஒரே ஒரு நிபந்தனை: அவள் யாருக்குப் போட்டிருப்பாள் என்று மட்டும் எழுதிவிடாதீர்கள்.

மற்றபடி என் காரியம். கடன் தீர்ந்ததா என்று கேட்டால், தீர்ந்தது. எப்படி என்று கேட்டால், அதைச் சொன்ன நிமிஷமே நீங்கள் சாட்சி ஆகிவிடுவீர்கள். பிறகு அது என் நாற்பத்தோராவது கதையாக இருக்குமே தவிர, அவளுக்குக் கொடுத்ததாக இருக்காது. சாவடியில் மூன்று பக்கமும் அட்டை வைத்து மறைக்கிறோம். உள்ளே போகிறவர் என்ன செய்தார் என்று வெளியே நிற்கிறவர் பார்க்கக்கூடாது என்பதற்குத்தான். நான் அந்த அட்டையை எத்தனையோ பேருக்கு வைத்துக் கொடுத்திருக்கிறேன்.

இன்றைக்கு நீங்கள் வெளியே நிற்கிறீர்கள். உங்களுக்குத் தெரிவது இவ்வளவுதான்: உள்ளே போனவன் கொஞ்ச நேரத்தில் வெளியே வந்தான். யாரும் யாரிடமும் ஒரு பெயரும் கேட்கவில்லை.